வள்ளம் தவறவில்லை

பீப்பாவின் மூடியைத் திறந்தேன். குளோரின் தூளின் மணம் எழும்பி மூக்கைக் கடித்தது. கண் எரிந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றேன், நீ திருப்பிக்கொள்வாயே, அப்படி.

இந்த மணத்தில்தான் நீ வருகிறாய். மல்லிகையில் வந்திருக்கலாம். ஆனால் நீ ஒருநாளும் மல்லிகை வைத்ததில்லை.

நான் இப்போது யாழ்ப்பாணத்தில், ஒரு பள்ளிக்கூடத்தின் பின்வளவில் நிற்கிறேன். வகுப்பறைகளில் ஊரைவிட்டு வந்த தீவுச் சனம். இரண்டு கிணறுகள். நாள் முழுக்க வாளிகளின் வரிசை. கடைசி வாளி போனபிறகு நான் கிணறுகளுக்கு இந்த மருந்தைப் போடவேண்டும். அதுதான் என் வேலை. சம்பளம் இல்லாத வேலை.

இரண்டு வருடங்களாக உனக்கு எழுதிக் கிழித்துக்கொண்டிருந்தேன். தொடக்கம் அழகாக வந்துவிடும். அதனால்தான் கிழித்தேன். அழகான தொடக்கத்துக்குப் பிறகு உண்மை எழுத மனம் வராது. இம்முறை முடிப்பேன். போன கிழமை ஒரு காரியம் செய்தேன், அதை உனக்குச் சொல்லவேண்டும். முதலில் பழையதைச் சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததுதான். நான் எப்படி வைத்திருக்கிறேன் என்பது உனக்குத் தெரியாது.

எண்பத்து மூன்றில் நீ எங்கள் தீவுக்கு, இறுப்பிட்டிக்கு வந்தாய். தெற்கில் ஒரு பட்டினத்தில் உன் அப்பாவுக்குக் கடை இருந்தது, கலவரத்துக்குப் பிறகு இல்லை. பதினைந்து வயது. எங்கள் கிணற்றில் முதல் தரம் தண்ணீர் அள்ள வந்து, வாளியைக் கயிற்றோடு உள்ளே விட்டுவிட்டு நின்றாய். எல்லோரும் சிரித்தோம். நீயும் சிரித்தாய். பிறகு கேட்டாய், “இப்ப உந்த வாளியை எப்பிடி எடுக்கிறது?” நாங்கள் சிரித்துக்கொண்டு நின்றபோது உன் கண் அடுத்த வேலைக்குப் போய்விட்டது.

எண்பத்தெட்டு. பல்கலைக்கழகம் மூடிக் கிடந்தது. நான் கலைப்பீடம், நீ விஞ்ஞானபீடம். எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாது. நான் கதிரையில் இருந்து வாசித்தேன். மனிதனின் தனிமையைப் பற்றி நிறைய வாசித்தேன். ஒரு காலை நீ படலையைத் தள்ளிக்கொண்டு வந்தாய்.

“இப்பிடியே இருந்தா எனக்கு விசர் பிடிக்கும். ஏதாவது செய்வம்.”

“என்னத்தை?”

“ஆருக்கும் பிரயோசனமா ஒண்டு. காசு வேண்டாம். வேலை வேணும்.”

“எனக்கு இன்னும் நூறு பக்கம் கிடக்கு.”

“அந்தாள் தனிமையில கிடக்கட்டும். நீ எழும்பு.”

எழும்பினேன். அப்படித்தான் இரண்டு பெட்டைகள் தொண்டு தேடி அலையத் தொடங்கினோம்.

முதலில் சனசமூக நிலையம். செயலாளர் அண்ணை பேப்பரை மடித்துவிட்டு எங்களைப் பார்த்தார்.

“பொம்பிளைப் பிள்ளையளோ? நல்லது. வாணி விழாவுக்குக் கோலம் போட ஆக்கள் இல்லை.”

“அண்ணை, அதுக்கு இன்னும் அஞ்சு மாசம் கிடக்கு.”

“அதுதான் இப்பவே சொல்லி வைக்கிறன்.”

பிறகு குறிகட்டுவானில் வள்ளம் ஏறி நயினாதீவு. அன்னதான மடத்தில் ஒரு பூசணிக்காயைச் சுற்றி ஏழெட்டுப் பெண்கள் இருந்தார்கள். உன் கையில் கத்தியைத் தந்தார்கள். இரண்டு துண்டு வெட்டினாய். பக்கத்தில் இருந்த அம்மா கத்தியை வாங்கிக்கொண்டார். “பிள்ளை, நீர் சாப்பிட்டிட்டுப் போம்.” சாப்பிட்டுவிட்டு வந்தோம். “தொண்டு செய்யப் போய்ச் சோறு திண்டிட்டு வாறம்” என்று வள்ளம் முழுக்கக் கேட்கச் சொல்லிச் சிரித்தாய்.

ஊரில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கப் பார்த்தோம். இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் என் தம்பி.

நான் கதிரைக்குத் திரும்பத் தயாராக இருந்தேன். நீ விடவில்லை. ஊர்காவற்றுறையில் சுகாதாரக் கந்தோர் இருக்கிறது, அங்கே கேட்போம் என்றாய். பஸ்ஸில் போனோம். சுகாதாரப் பரிசோதகர், தலைமயிர் நரைத்த மனிதர், எங்களை இரண்டு தரம் பார்த்தார்.

“சம்பளம் இல்லை, தெரியுமோ?”

“ஓம், தெரியும்.”

“ஆரும் அனுப்பினவையோ?”

“இல்லை. நாங்களா வந்தனாங்கள்.”

எழுவைதீவில் வயிற்றோட்டம் என்றார். அங்கே நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்றுதான். மருந்து இருக்கிறது, போட ஆளில்லை. கிணற்றின் அகலத்தையும் ஆழத்தையும் எப்படி அளப்பது, எவ்வளவு தூள் கரைப்பது என்று ஒரு தாளில் கீறிக் காட்டினார். கடைசியில் ஒன்று சொன்னார். “பின்னேரம் போடவேணும். கடைசி ஆள் அள்ளினாப் பிறகு. விடியுமட்டும் ஒருத்தரும் தொடக்கூடாது. விடிய நாலைஞ்சு வாளி அள்ளி ஊத்திப்போட்டுக் குடிக்கலாம்.”

நீ எழுதிக்கொண்டாய். நானும் கேட்டுக்கொண்டுதான் நின்றேன்.

நாங்கள் தீவுக்காரர். எங்களுக்குப் பொழுதை அளப்பது மணிக்கூடு அல்ல, வள்ளம். எழுவைதீவிலிருந்து கடைசி வள்ளம் மூன்று மணிக்கு. ஆகவே அங்கே பின்னேரம் என்பது மூன்று மணிக்கு முன் வருவது. இதைப் பற்றி நாங்கள் கதைக்கவே இல்லை. கதைத்துத் தவறியிருந்தால் யாரோ ஒருவர் தவறு என்று சொல்லலாம். இது இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. அளந்தோம், கரைத்தோம், தெளியவிட்டு ஊற்றினோம். இரண்டு மணி. கிணற்றடியில் வலையின் ஓட்டை பொத்திக்கொண்டிருந்த ஒரு ஐயாவிடம் “விடியுமட்டும் அள்ள வேண்டாமெண்டு சொல்லுங்கோ” என்றோம். அவர் தலையாட்டினார். வள்ளத்தில் உன் கை வெள்ளையாக, வெடித்திருந்தது. அதைப் பார்த்துப் பார்த்துச் சந்தோசப்பட்டாய்.

நாலு மணிக்குப் பெண்கள் குடத்தோடு வந்திருக்கிறார்கள். எந்த ஊரிலும் வருவார்கள். இரவுச் சமையலுக்குத் தண்ணீர் வேண்டாமா? அள்ளினார்கள். மூக்கைப் பொத்தினார்கள். ஊற்றிவிட்டுக் கரைப்பக்கத்துத் துரவுக்குப் போனார்கள், மாடுகள் இறங்கிக் குடிக்கும் துரவு. அடுத்த நாளும் அங்கேதான் போனார்கள். நல்ல கிணறு நாறுகிறது என்ற கதை ஊர் முழுக்கப் போய்விட்டது.

ஐந்து நாள் கழித்து நாங்கள் போனபோது கிணற்றுக் கட்டில், பக்கத்து வீட்டு ரீத்தா அக்கா நின்றார். இடுப்பில் அவரின் சின்ன மகன். பிள்ளைக்குக் கண் உள்ளே போயிருந்தது. புறங்கையில் சேலைன் ஊசி குத்திய இடத்தில் பஞ்சு.

“கிணத்தில கை வையாதேங்கோ.”

“அக்கா—”

“அக்காவுமில்லை ஒண்டுமில்லை. உங்கட மருந்துத் தண்ணி வாயில வைக்க ஏலாது. துரவில அள்ளினனாங்கள். நேற்றுத்தான் இவனை ஆஸ்பத்திரியால கொண்டு வந்தனான். படிச்ச பிள்ளையள் வந்து செய்த வேலை!”

பின்னால் நின்ற கிழவி சொன்னார், “மேக்கப்புப் போடுற பவுடரைக் கொட்டிட்டுப் போட்டாளவை.” சிலர் சிரித்தார்கள். ரீத்தா அக்கா சிரிக்கவில்லை.

நான் உன் காதுக்குள் சொன்னேன். “பழைய மருந்து, பழுதாப் போச்செண்டு சொல்லுவம்.”

நீ என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. சத்தமாகச் சொன்னாய்.

“அக்கா, மருந்து சரி. நாங்கள்தான் பிழை. பின்னேரம் போடச் சொல்லி விட்டவை. நாங்கள் மூண்டு மணி வள்ளத்துக்காக நேரத்தோட போட்டிட்டுப் போனனாங்கள்.”

என் முகம் கொதித்தது. ரீத்தா அக்கா பிள்ளையை மற்ற இடுப்புக்கு மாற்றினார்.

“அப்ப இண்டைக்கும் மூண்டு மணிக்குப் போவியள்தானே?”

“இல்லை. நிக்கிறன்.”

நிக்கிறம் என்று நீ சொல்லவில்லை. என்னையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் நான் நின்றிருப்பேன் என்று பல வருடங்கள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையில்லை. நீ என்னை என் பாட்டில் விட்டாய். நான் என் பாட்டில் போனேன்.

துறையடியில் நின்று எல்லாக் காரணங்களையும் சொன்னேன். அம்மா ஏசுவா. ஊர் கதைக்கும். உனக்குக் கலியாணம் பேசுகிறார்கள். தெரியாத வீட்டில் எப்படிப் படுப்பாய்? நீ கேட்டுக்கொண்டு நின்றாய். பிறகு, “நீ போ. அம்மாவிட்டை நான் நிண்டனான் எண்டு சொல்லு” என்றாய். வள்ளக்காரர் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். நான் ஏறிவிட்டேன். நீ திரும்பிக் கிணற்றடிக்கு நடந்தாய். வள்ளம் போகும்வரை நின்று கைகாட்டும் ஆள் இல்லை நீ.

பொழுதுபடுகிற நேரம் உங்கள் வீட்டுக்குப் போனேன். உன் அம்மா முற்றம் கூட்டிக்கொண்டிருந்தார்.

“எங்கை உவள்?”

வாயைத் திறந்தேன். “வள்ளத்தைத் தவறவிட்டிட்டாள், மாமி.”

நான் அதை யோசித்து வைத்திருக்கவில்லை. தானாக வந்தது. நின்றாள் என்று சொன்னால் அடுத்த கேள்வி எனக்கு. அப்ப நீ ஏன் வந்தனீ? தவறவிட்டாள் என்றால் அந்தக் கேள்வி இல்லை. நான் வள்ளத்தில் இருந்தேன், வள்ளம் வெளிக்கிட்டுவிட்டது, நான் என்ன செய்ய? ஒரே சொல்லில் நான் பொறுப்பான பிள்ளை ஆனேன்.

அடுத்த நாள் முதல் பஸ்ஸில் உன் அம்மா என்னோடு வந்தார். வள்ளத்தில் கரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கிணற்றடியில் பெண்கள் வரிசையாக அள்ளிக்கொண்டிருந்தார்கள். நல்ல கிணற்றில். நீ சட்டைக் கை நனைய வாளி இழுத்துக்கொண்டிருந்தாய். முதல் வாளிகளை ஊற்றிவிட்டு, ஒரு பேணி தண்ணீரை எல்லோருக்கும் முன்னால் நீ குடித்துக் காட்டியதாகப் பிறகு ரீத்தா அக்கா சொன்னார்.

உன் அம்மா எட்டத்திலேயே தொடங்கினார். “வள்ளத்தின்ர நேரம் தெரியாதோடி உனக்கு? கண் பிடரியிலயோ கிடக்கு? உன்னோட போனவள் நேரத்துக்கு வந்து சேர்ந்தாளெல்லோ!”

நீ என்னைப் பார்த்தாய். நான் கடலைப் பார்த்தேன்.

முதல் நாள் ஊர் முழுவதற்கும் முன்னால் பிழையை ஒத்துக்கொண்டவள் நீ. அன்று சொன்னாய், “ஓம் அம்மா. தவறவிட்டிட்டன்.”

ரீத்தா அக்கா உன்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. குசினிக்குள் போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தார். உன் அம்மா கோபத்தோடே குடித்தார். பாதியில் நிறுத்தி, “உங்கட தண்ணி நல்லாயிருக்கு” என்றார். நீ சிரிப்பை அடக்கினாய். நான் குடிக்காமல் பேணியைக் கீழே வைத்தேன்.

திரும்பும் வள்ளத்தில் அம்மா கண்ணை மூடியிருந்தார். நீ மெதுவாகச் சொன்னாய், “எப்பவாவது நீயாச் சொல்லு. நான் சொல்லமாட்டன்.” அவ்வளவுதான். பிறகு பிள்ளைக்கு உப்பும் சீனியும் கரைத்துக் கொடுத்த கதைக்குப் போய்விட்டாய்.

உனக்குப் பேசி வந்தவர்கள், வள்ளத்தைத் தவறவிட்டு அசலூரில் இரவு தங்கிய பெட்டை என்று கேள்விப்பட்டுப் பேச்சை விட்டுவிட்டார்கள். “ஒரு மாப்பிள்ளையைக் கலைச்சுவிட்டாய், புண்ணியம் கிடைக்கும்” என்றாய். பகிடியாகத்தான் சொன்னாய். மோசமானது வேறு. உன் அம்மா உன்னை மறுபடி எழுவைதீவுக்குப் போகவிட்டது என்னை நம்பி. “உவள் கூட நிண்டா விடுறன். உவளுக்குப் பொறுப்பிருக்கு.” பல்கலைக்கழகம் திறக்கும்வரை கிழமைக்கு ஒரு தரம் போனோம். இரண்டு பேரும் ரீத்தா அக்கா வீட்டில் படுத்தோம். பொழுதுபட்டதும் மருந்து, விடிய முதல் வாளி. சனம் துரவை விட்டுவிட்டது. அங்கே மாடுகள் மட்டும் இறங்கின. ரீத்தா அக்காவின் மகன் எங்கள் செருப்புகளை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடுவான். நல்ல நாட்கள். ஒவ்வொரு முறையும் உங்கள் வீட்டுப் படலையில் உன் அம்மா என் கையைப் பிடித்து, “இவளை நேரத்துக்குக் கூட்டிவா” என்பார். நான் “ஓம் மாமி” என்பேன்.

பிறகு சண்டை வந்து, தீவுகளை விட்டு எல்லோரும் வெளிக்கிட்டோம். நீ வன்னிக்குப் போனாய். காய்ச்சல்காரரைப் பார்க்க ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனாய். தொண்ணூற்று மூன்றில் அந்தக் காய்ச்சல் உன்னையும் பிடித்தது. உன்னைக் கொண்டுவர வழி இருக்கவில்லை. உடல் இல்லாத செத்தவீட்டில் உன் அம்மா தலையில் அடித்து அழுதார். “நேரம் தெரியாதவளே! அண்டைக்கும் வள்ளத்தை விட்டாய், இண்டைக்கும் வாற ஆக்களோட வராம விட்டிட்டியே!”

அப்போதுதான் கண்டேன். உன் சாவையும் அவர் என் பொய்யால்தான் விளங்கிக்கொண்டார். எங்கோ பராக்குப் பார்த்துக்கொண்டு நின்று தவறிப்போனவள் என்று.

என்னிடம் உன் கடைசிக் கடிதம் இருந்தது. “இந்தக் கிழமை போறவையோட நான் வரவில்லை. வார்ட்டில் படுக்க இடமில்லாமல் ஆட்கள். இது குறையட்டும்.” அதை அவருக்குக் காட்டவில்லை. காட்டினால் எழுவைதீவையும் சொல்லவேண்டும். செத்தவீட்டில் சொல்வதா என்று தள்ளினேன். எட்டு முடியட்டும், முப்பத்தொன்று முடியட்டும், ஆண்டு திரும்பட்டும். வருடம் இரண்டாகிவிட்டது.

உன் அம்மா இப்போது இந்தப் பள்ளிக்கூடத்தில்தான் இருக்கிறார். போன கிழமை கிணற்றடிக்குப் புதிதாக இரண்டு பெட்டைகள் வந்தார்கள், ஏதாவது வேலை தாருங்கள் என்று. உன் அம்மா வரிசையில் நின்றவர், அவர்களைக் கூப்பிட்டுச் சொன்னார். “செய்யுங்கோ பிள்ளையள், நல்ல வேலை. ஆனா நேரத்தைப் பாருங்கோ. என்ர மகளும் இப்பிடித்தான் போனவள். நேரம் பார்க்கத் தெரியாது.”

இனி ஏலாது என்று இருந்தது. கடிதத்தை எடுத்துக்கொண்டு அவரின் வகுப்பறைக்குப் போனேன். முருங்கை இலை உருவிக்கொண்டிருந்தார். முன்னால் இருந்தேன். அழகாகச் சொல்லவில்லை. அழவும் இல்லை. அழுதால் அவர் என்னைத் தேற்றுவார், அது களவு.

“மாமி, அவள் வள்ளத்தைத் தவறவிடேல்லை. நிண்டவள். கிணத்துக்கு மருந்து போட. உங்களிட்டை அப்பிடிச் சொல்லச் சொன்னவள். நான் பொய் சொன்னனான்.”

அவரின் விரல்கள் காம்பில் நின்றன. கடிதத்தை வாசித்தேன். “இன்னொருக்கா வாசி” என்றார். வாசித்தேன்.

“அப்ப நிண்டவள்.”

“ஓம் மாமி.”

“ரெண்டு இடத்திலயும்.”

“ஓம்.”

மிச்ச இலையை ஒருபக்கம் தள்ளினார். பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டார். ஏழு வருடமாக நான் ஒளித்த கேள்வி.

“நீ ஏன் வந்தனீ?”

காரணங்கள் எல்லாம் இன்னும் பாடமாக இருந்தன. அம்மா, ஊர், தெரியாத வீடு.

“பயத்தில, மாமி.”

“செத்தாப் பிறகும் அவளை ஏசினனானேடி” என்றார். கடிதத்தை வாங்கி மடித்து இடுப்பில் செருகினார். “எழும்பிப் போ.”

எழும்பிப் போனேன். அன்றிலிருந்து அவர் என்னோடு கதைப்பதில்லை. நான் வரிசையைச் சரிசெய்யும்போது முகத்தை மறுபக்கம் திருப்புகிறார். நான் மன்னிப்பு எதிர்பார்க்கவில்லை என்று எழுதினால் அதுவும் ஒரு பொய். எதிர்பார்த்தேன். கிடைக்கவில்லை. வேலை இருக்கிறது.

முந்தநாள் பொழுதுபட, கடைசி ஆட்கள் அள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் அவசரப்பட்டு, “உந்த மருந்தை இப்பவே போட்டிட்டு வீட்டை போமன் பிள்ளை” என்று என்னிடம் சொன்னார். நான் வாயைத் திறக்க முன் வரிசையிலிருந்து உன் அம்மாவின் குரல் வந்தது.

“அப்பிடிப் போட ஏலாது. கடைசி ஆள் அள்ளினாப் பிறகுதான். என்ர மகள் எழுவைதீவில அதுக்கெண்டு வள்ளத்தை விட்டிட்டுத் தனிய நிண்டவள்.”

என்னைப் பார்க்கவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு போனார். தண்ணீர் தளும்பி அவரின் காலில் விழுந்தது. நான் அவரின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உன்னிடமிருந்து பெரிய சொற்கள் எதுவும் என்னிடம் இல்லை. நீ சொல்லவும் இல்லை. உன் அம்மாவின் அந்த முதுகு இருக்கிறது. அதை வைத்திருப்பேன். அது எனக்கு உரியது. அதோடுதான் நாளைக்கும் இந்தக் கிணற்றடியில் நிற்பேன், அதற்கடுத்த நாளும். என்ன வேலை, ஏன் நிற்கிறாய் என்று யாரும் கேட்டால் இப்போது நேரே சொல்ல முடிகிறது. கேட்காவிட்டாலும் நிற்க முடிகிறது.